ஜேசன் பெர்ரி: புலனாய்வு எழுத்துகள், ஒரு மதிப்பீடு

ஜேசன் பெர்ரி (பிறப்பு: 1949) அமெரிக்காவின் லூசியானா மாநிலத்தைச் சேர்ந்த புலனாய்வு இதழாளர், நூலாசிரியர், ஆவணப்பட இயக்குநர். கத்தோலிக்கக் குருக்கள் சிலர் சிறார்மீது நடத்திய பாலியல் கொடுமைகளையும், அவற்றை மூடிமறைத்த திருச்சபை நிர்வாகத்தையும் 1985 முதல் தொடர்ந்து எழுதி வெளிக்கொணர்ந்தவர். தன் ஊரான நியூ ஆர்லியன்ஸின் இசை, வழிபாடு, வரலாறு ஆகியவை குறித்தும் நூல்கள் எழுதியிருக்கிறார்.

இந்தப் பொருள் பெரும்பாலான வாசகர்களுக்கு அறிமுகமானது 2015இல் வெளிவந்த 'ஸ்பாட்லைட்' திரைப்படம் வழியாகத்தான். 'பாஸ்டன் குளோப்' நாளிதழின் புலனாய்வுக் குழு 2002 ஜனவரியில் வெளியிட்ட செய்திகளை அப்படம் சொல்கிறது. அதற்கு 17 ஆண்டுகளுக்கு முன்பே, குழுவோ நிரந்தரச் சம்பளமோ இல்லாத ஒரு தனி எழுத்தாளர், லூசியானாவின் ஒரு சிற்றூர் வழக்கிலிருந்து இதே உண்மையை எழுதத் தொடங்கியிருந்தார். அவருடைய எழுத்துகளின் பெறுமதி, அவற்றின் குறைகள், அவற்றுக்குள் ஓடும் பொதுச்சரடு ஆகியவற்றை இக்கட்டுரை ஆராய்கிறது.

கல்வி, எழுத்தின் தொடக்கம்

நியூ ஆர்லியன்ஸில் கத்தோலிக்கக் குடும்பத்தில் பிறந்த பெர்ரி, இயேசு சபையினர் நடத்தும் பள்ளியில் பயின்றார். பின்னர் அதே சபையினரின் ஜார்ஜ்டவுன் பல்கலைக்கழகத்தில் 1971இல் பட்டம் பெற்றார். திருச்சபையின் மொழியும் அதன் படிநிலைகளும் அவருக்கு இளமையிலேயே பழகியவை. பிற்காலப் பணிக்கு இந்தப் பழக்கம் பெரிதும் உதவியது.

பட்டம் பெற்ற ஆண்டிலேயே மிசிசிப்பி மாநில ஆளுநர் தேர்தலில் போட்டியிட்ட சார்லஸ் எவர்ஸின் பிரசாரத்தில் பத்திரிகைத் தொடர்பாளராகச் சேர்ந்தார். 1963இல் சுட்டுக்கொல்லப்பட்ட குடியுரிமைப் போராளி மெட்கர் எவர்ஸின் அண்ணன் இவர். தேர்தலில் எவர்ஸ் தோற்றார். அந்த அனுபவம் 1973இல் 'அமேசிங் கிரேஸ்' என்ற பெர்ரியின் முதல் நூலாயிற்று. மேடையில் பேசுவோரைவிட, பேச அஞ்சிக் கூட்டத்தின் ஓரத்தில் நிற்போரைக் கவனிக்கும் பழக்கம் இந்த முதல் நூலிலேயே தென்படுகிறது.

லஃபயெட் வழக்கு

லூசியானாவின் தென்மேற்கில் உள்ளது லஃபயெட் மறைமாவட்டம். பிரெஞ்சு வழிவந்த கேஜன் மக்கள் நிறைந்த பகுதி இது. இங்கே கோயிலும் குடும்பமும் ஒன்றோடொன்று பின்னிக் கிடந்தன. இம்மறைமாவட்டத்தைச் சேர்ந்த கில்பர்ட் கோத்தே என்ற குருமீது 1984 அக்டோபரில் 34 குற்றச்சாட்டுகள் பதிவாயின. ஒரு வருடத்துக்குப்பின் அவர் குற்றத்தை ஒப்புக்கொண்டார். 20 ஆண்டுச் சிறைத்தண்டனை விதிக்கப்பட்டது.

பாதிக்கப்பட்ட குடும்பங்கள் பல, வெளியே பேசுவதில்லை என்ற உறுதிமொழியோடு மறைமாவட்டத்திடம் இழப்பீடு பெற்று ஒதுங்கிக்கொண்டன. ஒரு குடும்பம் மட்டும் அதற்கு இணங்காமல் வெளிப்படையாக நீதிமன்றம் சென்றது. அந்தக் குடும்பம் ஒதுங்கியிருந்தால் ஆவணங்கள் பொதுப்பார்வைக்கு வந்திருக்க மாட்டா. பெர்ரியின் புலனாய்வுக்கு ஊற்றுக்கண் அந்த ஆவணங்களே. கோத்தேயைப் பற்றி 1970களிலேயே ஆயருக்குத் தெரிந்திருந்தது என்பதும், தெரிந்த பின்னும் அவர் வேறு பங்குகளுக்கு மாற்றப்பட்டார் என்பதும் சாட்சியங்களில் வெளிவந்தன.

பெர்ரி இச்செய்தியைப் பெரிய இதழ்கள் சிலவற்றிடம் கொண்டுசென்றார், அவை ஏற்கவில்லை. இறுதியில் 'டைம்ஸ் ஆஃப் அகேடியானா' என்ற உள்ளூர் வார இதழ் 1985 மே, ஜூன் மாதங்களில் அவர் கட்டுரைகளை வெளியிட்டது. அதே ஜூனில் 'நேஷனல் கத்தோலிக் ரிப்போர்ட்டர்' என்ற இதழ் செய்தியை நாடு முழுவதற்கும் கொண்டுசென்றது. இவ்விதழ் கத்தோலிக்கப் பொதுநிலையினரால் நடத்தப்படுவது. ஆயர்களின் கட்டுப்பாட்டில் இல்லாதது. திருச்சபையின் தவற்றை முதலில் நாடறியச் சொன்னதும் திருச்சபை மக்களின் இதழ்தான் என்பதை மறந்துவிடக் கூடாது.

1986 ஜனவரியில் பெர்ரி அடுத்த கட்டத்துக்குச் சென்றார். அதே மறைமாவட்டத்தில் வேறு குருக்களும் இவ்வாறே பாதுகாக்கப்பட்டதை எழுதினார். இதழின் தலையங்கம் ஆயர் பதவி விலக வேண்டும் என்றது. ஊரின் செல்வாக்குள்ளவர்கள் இதழுக்கு விளம்பரம் தர வேண்டாம் என்று பிரசாரம் செய்தனர். 'ஒரு கெட்ட குரு' என்ற செய்தியைத் தாங்கிக்கொண்ட ஊரால், 'ஒரு கெட்ட நிர்வாக முறை' என்ற செய்தியைத் தாங்க முடியவில்லை. பெர்ரியின் வாழ்நாள் பணி இந்த இரண்டாவது செய்தியைப் பற்றியது.

முதல் பெருநூல்

ஏழாண்டு உழைப்பின் பயனாக 1992இல் 'லீட் அஸ் நாட் இன்டு டெம்ப்டேஷன்' வெளிவந்தது. இயேசு கற்பித்த செபத்தின் ஒரு வேண்டுதலே நூலின் தலைப்பு. குருவும் சமூகவியலாளரும் நாவலாசிரியருமான ஆண்ட்ரூ கிரீலி முன்னுரை எழுதினார்.

நூலின் மையத்தில் ஓர் ஆவணத்தின் கதை இருக்கிறது. கோத்தேயின் வழக்கறிஞர் ரே மூட்டன், வாஷிங்டன் திருத்தூதரகத்தில் பணியாற்றிய திருச்சபைச் சட்ட வல்லுநர் தாமஸ் டாயில், மனநல மருத்துவரான குரு மைக்கேல் பீட்டர்சன் ஆகிய மூவரும் 1985இல் ஓர் அறிக்கை தயாரித்தனர். உடனே செயல்படாவிட்டால் பத்தாண்டுகளில் 100 கோடி டாலர் இழப்பு நேரும் என்று அது எச்சரித்தது. அமெரிக்க ஆயர்கள் அதை அதிகாரபூர்வமாக ஏற்கவில்லை. 'எங்களுக்கு அப்போது ஒன்றும் தெரியாது' என்ற பிற்கால வாதத்துக்கு இந்த அறிக்கை ஒன்றே போதிய மறுப்பு.

நாடெங்கும் சுமார் 400 குருக்கள், துறவியர் தொடர்பான வழக்குகளைப் பெர்ரி இந்நூலில் கணக்கிட்டார். மிகைப்படுத்துகிறார் என்று அன்று அவரைக் குறைகூறியோர் உண்டு. ஆயர்களே கேட்டுக்கொண்டபடி ஜான் ஜே கல்லூரி நடத்திய ஆய்வு 2004இல் வெளிவந்தது. 1950 முதல் 2002 வரை 4,392 குருக்கள்மீது குற்றச்சாட்டுகள் எழுந்ததாகவும், 10,667 பேர் பாதிப்பைத் தெரிவித்ததாகவும் அது கூறியது. பெர்ரியின் எண்ணிக்கை மிகையாக இல்லை. உண்மையில் மிகக் குறைவாக இருந்தது.

மாசியேல் விவகாரம்

பெர்ரியின் பணியில் மிகக் கடினமான கட்டம் இதுவே. மெக்சிகோவைச் சேர்ந்த மார்சியல் மாசியேல் 1941இல் 'கிறிஸ்துவின் படையணி' எனப்படும் துறவுச் சபையைத் தொடங்கியவர். குருத்துவ அழைத்தல்கள் அருகிவந்த காலத்தில் அவருடைய குருமடங்கள் நிரம்பி வழிந்தன. நன்கொடைகளும் குவிந்தன. திருத்தந்தை இரண்டாம் ஜான் பால் அவரைப் பெரிதும் மதித்தார்.

அச்சபையின் அமெரிக்கத் தலைமையிடம் கனெக்டிகட் மாநிலத்தில் இருந்தது. அம்மாநிலத்தின் 'ஹார்ட்ஃபோர்ட் கூரன்ட்' நாளிதழில் சமயச் செய்தியாளராக இருந்த ஜெரால்ட் ரென்னரும் பெர்ரியும் இணைந்து விசாரித்தனர். 1997 பிப்ரவரி 23 அன்று கட்டுரை வெளிவந்தது. சபையின் முன்னாள் உறுப்பினர் ஒன்பது பேர், சிறுவர்களாகவும் இளைஞர்களாகவும் குருமடத்தில் இருந்தபோது மாசியேல் தங்களைப் பாலியல் கொடுமைக்கு உட்படுத்தியதாகத் தெரிவித்தனர். அவர்களில் ஒருவர் கட்டுரை வெளிவருமுன்பே வாக்குமூலம் விட்டுவிட்டு இறந்திருந்தார். மாசியேல் மறுத்தார். இது சதி என்றது சபை.

அடுத்த ஆண்டு குற்றஞ்சாட்டியோர் வத்திக்கானில் முறைப்படி வழக்குத் தொடுத்தனர். வழக்கு நகரவில்லை. 2004இல் பெர்ரியும் ரென்னரும் 'வவ்ஸ் ஆஃப் சைலன்ஸ்' நூலை வெளியிட்டனர். அதே ஆண்டு நவம்பரில், மாசியேலின் குருத்துவ 60ஆம் ஆண்டு விழாவில் திருத்தந்தை அவரைப் பாராட்டினார். ஆனால் ஆண்டு முடிவதற்குள் விசுவாசக் கோட்பாட்டுப் பேராயத்தின் தலைவர் கர்தினால் ராட்சிங்கர் விசாரணையை மீண்டும் திறந்தார். அவரே பின்னர் திருத்தந்தை பதினாறாம் பெனடிக்ட் ஆனார். 2006 மே மாதத்தில் மாசியேல் பொது ஊழியத்திலிருந்து விலகி செபத்திலும் தவத்திலும் வாழும்படி பணிக்கப்பட்டார். 2008 ஜனவரியில் இறந்தார். அவருக்கு மகள் இருந்த செய்தி 2009இல் வெளியானது. 2010இல் வத்திக்கான் அவர் செயல்களைக் குற்றங்கள் என்றே வெளிப்படையாகக் கண்டித்தது.

1997க்கும் 2006க்கும் இடையே ஒன்பது ஆண்டுகள். எழுதியது பொய் என்று எதிர்த்தரப்பு சொல்லிக்கொண்டே இருந்த காலம் அது. ரென்னர் 2007இல் காலமானார்; 2010ஆம் ஆண்டின் கண்டனத்தை அவர் பார்க்கவில்லை. புலனாய்வு இதழியலில் உண்மையைக் கண்டறிவதைப் போலவே, கண்டறிந்தபின் காத்திருப்பதும் ஒரு பணி என்பதற்கு இது சான்று.

பணத்தின் தடம்

மாசியேலுக்கு இவ்வளவு பாதுகாப்பு எங்கிருந்து கிடைத்தது? இந்தக் கேள்வி பெர்ரியைத் திருச்சபையின் நிதி நிர்வாகத்துக்கு இட்டுச்சென்றது. வத்திக்கான் அலுவலர் சிலருக்கு அச்சபை ரொக்கமாக அன்பளிப்புகள் தந்ததாகவும், ராட்சிங்கர் தமக்கு நீட்டப்பட்ட பணத்தை மறுத்துவிட்டதாகவும் 2010இல் 'நேஷனல் கத்தோலிக் ரிப்போர்ட்ட'ரில் எழுதினார். குற்றஞ்சாட்டும் கட்டுரையிலேயே, வாங்க மறுத்தவரின் பெயரையும் பதிவுசெய்தது அவருடைய நேர்மையைக் காட்டுகிறது.

2011இல் 'ரெண்டர் அன்டு ரோம்' வெளிவந்தது. பாஸ்டன், கிளீவ்லாந்து, லாஸ் ஏஞ்சலிஸ் ஆகிய மூன்று மறைமாவட்டங்களை இந்நூல் முதன்மையாக ஆராய்கிறது. 2003இல் பாஸ்டன் உயர்மறைமாவட்டம் 8.5 கோடி டாலரும், 2007இல் லாஸ் ஏஞ்சலிஸ் 66 கோடி டாலரும் இழப்பீடாக ஒப்புக்கொண்டன. 2004இல் பாஸ்டனில் 60க்கும் மேற்பட்ட பங்குகளை மூடும் திட்டம் அறிவிக்கப்பட்டது. தம் பாட்டன் பாட்டிகள் காசு சேர்த்துக் கட்டிய கோயில்களை விட்டு வெளியேற மறுத்து, மக்கள் இரவும் பகலும் முறைவைத்து அவற்றுக்குள்ளேயே தங்கினர்.

கோயில் யாருடையது என்பதே இந்நூலின் கேள்வி. சட்டப்படி ஆயருடையது, கட்டியவர்களின் மனத்தில் மக்களுடையது. இந்த இடைவெளியைப் பெர்ரி கணக்கேடுகளின் வழியாகக் காட்டுகிறார். பாலியல் கொடுமையை மறைத்த அதே இரகசியப் பழக்கம் நிதியையும் மறைக்கிறது என்பது அவர் முடிவு. அவருடைய நூல்களில் வாதத்தின் கட்டமைப்பு மிகத் தெளிவாக இருப்பது இதில்தான்.

நியூ ஆர்லியன்ஸ் வரலாறு

பெர்ரியைப் பற்றி எழுதுவோர் அவருடைய உள்ளூர் வரலாற்று நூல்களைப் பெரும்பாலும் ஓய்வுநேர வேலையாகக் கருதிக் கடந்துவிடுகின்றனர். இது பொருந்தாது.

ஜோனதன் ஃபூஸ், டாட் ஜோன்ஸ் ஆகியோருடன் எழுதிய 'அப் ஃப்ரம் தி கிரேடில் ஆஃப் ஜாஸ்' 1986இல் வந்தது. இரண்டாம் உலகப் போருக்குப் பிந்திய நியூ ஆர்லியன்ஸ் இசையை, நெவில், லாஸ்டி போன்ற இசைக் குடும்பங்களின் வழியாக இந்நூல் சொல்கிறது. கறுப்பின மக்களின் ஆன்மிகக் கோயில்களில் முழங்கிய தாளம் இசை அரங்குக்கு வந்த பாதை அதில் விளக்கப்படுகிறது. அந்தக் கோயில்களையே தனியாக ஆராய்ந்தது 1995இல் வந்த 'தி ஸ்பிரிட் ஆஃப் பிளாக் ஹாக்'. 1832இல் இல்லினாய் பகுதியில் தம் நிலத்துக்காகப் போரிட்ட சாக் இனத் தலைவர் பிளாக் ஹாக், நூறாண்டுக்குப்பின் நியூ ஆர்லியன்ஸின் கறுப்பினப் பெண்கள் நடத்திய கோயில்களில் காவல் ஆவியாக வணங்கப்பட்டது எப்படி என்பதே நூலின் பொருள். சிகாகோவிலிருந்து 1920ஐ ஒட்டி வந்த லீஃபி ஆண்டர்சன் என்ற பெண்மணியே இவ்வழிபாட்டுக்கு வித்திட்டவர்.

2018இல் நகரின் 300ஆம் ஆண்டை ஒட்டி 'சிட்டி ஆஃப் எ மில்லியன் ட்ரீம்ஸ்' வெளிவந்தது. அதே பெயரில் 2021இல் ஓர் ஆவணப்படமும் எடுத்தார். நியூ ஆர்லியன்ஸின் இறுதி ஊர்வலங்கள் படத்தின் மையம். கல்லறை நோக்கிச் செல்லும்போது வாத்தியக்குழு மெதுவான சோக இசை வாசிக்கும். அடக்கம் முடிந்தபின் துள்ளல் இசைக்கு மாறும். பின்னால் வருவோர் ஆடுவர்.

நகர வரலாற்று நூலில் வரும் பேர் அந்துவான் என்ற கப்புச்சின் துறவியின் கதை தனிக் கவனத்துக்குரியது. ஸ்பானிய ஆட்சியில், சமய விசாரணை மன்றத்தின் அதிகாரத்தோடு வந்த இவரை 1790இல் ஆளுநர் நாடுகடத்தினார். பின்பு திரும்பிவந்து மக்களின் அன்பைப் பெற்றார். 1805இல் திருச்சபை மேலதிகாரி அவரை ஏற்க மறுத்தபோது, மக்கள் கூடி அவரையே தங்கள் பங்குத்தந்தையாகத் தேர்ந்தெடுத்தனர். இந்நிகழ்ச்சியையும் 2004இல் பாஸ்டன் மக்கள் கோயிலுக்குள் தங்கிப் போராடியதையும் அடுத்தடுத்து வைத்துப் பார்த்தால், பெர்ரியின் இருவகை நூல்களுக்கும் பொருள் ஒன்றே எனத் தெரியும். நம்பிக்கை யாருடைய சொத்து என்பதே அது.

எழுத்து முறை

பெர்ரி ஆவணத்திலிருந்து தொடங்குபவர். நீதிமன்ற வாக்குமூலம், கடிதம், இடமாற்ற ஆணை, கணக்கேடு ஆகியவற்றை அடுக்கி, அவற்றிலுள்ள நாள்களை ஒப்பிட்டு, யாருக்கு எப்போது என்ன தெரிந்தது என்று நிறுவுகிறார். மனிதர்களின் பேட்டி அதற்குப்பின் வருகிறது. உணர்ச்சிச் சொற்களைச் சிக்கனமாகவே கையாள்கிறார். கொடுமையின் விவரங்களை நீட்டி எழுதி வாசகரை அதிரவைக்கும் முறை அவரிடம் இல்லை.

திருச்சபைச் சட்டத்தின் நுட்பங்களை அவர் எளிமையாக விளக்குகிறார். மறைமாவட்டம் எப்படி இயங்குகிறது, ஆயர் யாருக்குப் பதில்சொல்லக் கடமைப்பட்டவர், ஒரு புகார் உரோமைக்குச் சென்றால் எந்த மேசையில் தங்கும் என்பவற்றை அறியாதவரும் அவர் நூல்களை வாசித்தபின் அறிந்துகொள்வர்.

குறைகள்

பெர்ரியின் நூல்களில் பாத்திரங்களும் கிளைக்கதைகளும் மிகுதி. 'லீட் அஸ் நாட் இன்டு டெம்ப்டேஷன்' லூசியானாவில் தொடங்கிப் பல மாநிலங்களுக்குத் தாவுகிறது. வாசகர் பெயர்க்குறிப்பு எழுதிவைத்துக்கொண்டு படிக்க வேண்டியிருக்கிறது. 'வவ்ஸ் ஆஃப் சைலன்ஸ்' தாமஸ் டாயிலின் வாழ்வையும் மாசியேலின் வாழ்வையும் இணைத்துச் சொல்கிறது. இரண்டும் எப்போதும் ஒட்டிவரவில்லை.

கருத்தளவிலும் ஒரு குறை உண்டு. 1992ஆம் ஆண்டு நூலின் கணிசமான பகுதி, குருக்களின் மணத்துறவையும் குருக்களிடையே நிலவிய தற்பாலீர்ப்புச் சூழலையும் பேசுகிறது. இரட்டை வாழ்க்கை இரகசியத்தை வளர்க்கிறது, இரகசியம் குற்றவாளியைக் காக்கிறது என்பதே அவர் வாதம். ஆயினும் குற்றத்துக்கே அவை காரணம் என்று வாசகர் எடுத்துக்கொள்ள அப்பகுதி இடம் தருகிறது. 2011இல் வந்த ஜான் ஜே கல்லூரியின் இரண்டாம் அறிக்கை, மணத்துறவோ தற்பாலீர்ப்போ இக்கொடுமைகளுக்குக் காரணம் எனக் கொள்ள ஆதாரமில்லை என்றது. ஆவணங்களில் இவ்வளவு கண்டிப்பான ஒருவர், காரணம் கூறும் இடத்தில் அந்தக் கண்டிப்பைச் சற்றுத் தளர்த்தியிருக்கிறார் என்றே சொல்ல வேண்டும்.

பாதிக்கப்பட்டோரின் பிற்கால வாழ்வு அவர் நூல்களில் போதிய இடம் பெறவில்லை என்பதும் ஏற்கத்தக்க குறையே. நிர்வாகத்தின் தவற்றை நிறுவும் முனைப்பில், வழக்கு முடிந்து வீடு திரும்பிய சிறுவன் என்ன ஆனான் என்ற கேள்வி சில இடங்களில் விடுபடுகிறது.

மதிப்பீடு

பெர்ரி தம்மைக் கத்தோலிக்கர் என்றே சொல்லிக்கொள்பவர். இதனால் அவருக்கு இருபுறமும் எதிர்ப்பு உண்டு. திருச்சபையின் பகைவர் என்று ஒருசாரார் கூறினர். இவ்வளவு அறிந்தபின்னும் ஏன் விலகவில்லை என்று மறுசாரார் கேட்டனர். அவருடைய எழுத்தைத் தொகுத்து வாசித்தால், அந்த நம்பிக்கையே அவருக்குக் கருவியாக இருந்தது புலப்படும். எந்தக் குருவிடம் என்ன கேட்க வேண்டும், எந்த மௌனத்துக்கு என்ன பொருள் என்பதை வெளியிலிருந்து வந்தவர் அறிய நீண்டகாலம் ஆகியிருக்கும். திருச்சபை தானே போதிக்கும் அளவுகோலால்தான் அவர் அதை அளந்தார். அதனால்தான் அவருடைய குற்றச்சாட்டைச் சமயப் பகை என்று ஒதுக்கிவிட முடியவில்லை.

2002இல் பாஸ்டன் செய்திகள் வெளிவந்த சில மாதங்களில், அமெரிக்க ஆயர்கள் டாலஸ் நகரில் கூடிச் சிறார் பாதுகாப்புக்கான விதிகளை வகுத்தனர். அவற்றுக்கான தேவை 1985ஆம் ஆண்டின் அறிக்கையிலேயே சொல்லப்பட்டிருந்தது. இடைப்பட்ட 17 ஆண்டுகளில் எத்தனை சிறார் பாதுகாப்பின்றி விடப்பட்டனர் என்பதே பெர்ரியின் எழுத்து வாசகர் முன் வைக்கும் பாரம். அவருடைய சொந்த ஊரான நியூ ஆர்லியன்ஸின் உயர்மறைமாவட்டம் இத்தகைய வழக்குகளின் சுமையோடு 2020 மே மாதத்தில் திவால் பாதுகாப்பு கோரி நீதிமன்றம் சென்றது. 35 ஆண்டுகளுக்கு முன் ஏறத்தாழ 200 கிலோமீட்டர் தொலைவிலிருந்த சிற்றூரில் தொடங்கிய கதை, அவர் வீட்டு வாசலுக்கே வந்துசேர்ந்தது.

பெரிய நிறுவனங்களைப் பற்றிய உண்மை பெரும்பாலும் தலைநகரங்களில் வெளிப்படுவதில்லை. கையொப்பமிட மறுத்த ஒரு குடும்பம், அதை அச்சிடத் துணிந்த ஒரு வார இதழ், ஆவணங்களைப் பொறுமையாகப் படித்த ஓர் எழுத்தாளர் ஆகிய மூவரும் லஃபயெட்டில் சேர்ந்தபோது அது வெளிப்பட்டது. உள்ளூர் இதழ்கள் ஒவ்வொன்றாக மூடப்பட்டுவரும் இக்காலத்தில், ஜேசன் பெர்ரியின் நூல்களை இந்தக் காரணத்துக்காகவும் வாசிக்கலாம்.